கொடைக்கானல் சமையலறைக்கு எந்தக் கோழி?

பெருமாள்மலைக்கு மேலே சாப்பாட்டோடு தங்குமிடம் நடத்துகிறோம். ஒவ்வொரு வருடமும் சீசன் தொடங்கும் முன் கோழிக்கறியை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்தாக வேண்டும். விலை என்ன, நேரத்துக்கு வந்து சேருமா, துண்டு ஒழுங்காகப் போடுவார்களா, இவ்வளவுதான் பழைய கணக்கு. இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள், "இது ஆன்டிபயாடிக் போடாத சிக்கனா?" என்று கேட்கிறார்கள். அதில் டாக்டர்களும் உண்டு. அவர்களிடம் சும்மா தலையாட்டிவிட்டு நகர முடியாது.

எங்கள் முன் இருந்த வழிகள் நான்கு. மூஞ்சிக்கல் பக்கம் கறிக்கடையில் கண் முன்னால் வெட்டித் தரும் பிராய்லர். கீழேயிருந்து குளிர்பெட்டியில் ஏறிவரும் கம்பெனி பாக்கெட் கறி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் வீடுகளில் வளரும் நாட்டுக்கோழி. நாமே கூண்டு போட்டு வளர்ப்பது. கோழியை விட்டு ஆட்டுக்கறிக்கோ முயலுக்கோ போவதையும் யோசித்துப் பார்த்தோம். இதே முடிவோடு தலையைச் சொறிகிற மலைக்காரர்கள் நிறைய பேர் இருப்பதால், நாங்கள் பார்த்ததையும் கணக்குப் போட்டதையும் எழுதுகிறேன்.

எச்சம் வேறு, கிருமி வேறு

இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

கோழிக்குக் கொடுத்த மருந்து உடம்பை விட்டுப் போகும் முன்பே அறுத்தால், கறியில் கொஞ்சம் மருந்து தங்கியிருக்கும். அதுதான் எச்சம். சதையைவிட ஈரலிலும் சிறுநீரகத்திலும் அது பொதுவாகக் கூடுதலாகத் தங்கும். சமைத்தால் போய்விடும் என்று நம்ப முடியாது. சில மருந்துகள் சூட்டில் சிதையும், சில அப்படியே இருக்கும். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் தலைநகர் வட்டாரத்தில் வாங்கிய 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது, 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது.

கிருமி கதை வேறு. கோழியின் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் மீது அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மருந்து படும்போது, தாங்காதவை சாகும், தாங்குகிறவை இடம்பிடித்துப் பெருகும். அதோடு நிற்பதில்லை. மருந்தைத் தாங்கும் மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு வகைப் பாக்டீரியாவுக்கும் அவை கைமாற்றிவிடும். கோலிஸ்டின் என்று ஒரு மருந்து இருக்கிறது. மற்ற எதுவும் வேலை செய்யாதபோது தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாகக் கையில் எடுப்பது. அதற்கே மசியாமல் போக வைக்கும் எம்சிஆர்-1 என்ற மரபணு இப்படிக் கைமாறக்கூடியது என்பதை 2015இல் சீனாவில், பன்றிகளிலும் கறியிலும் எடுத்த பாக்டீரியாவில் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டில் கோலிஸ்டின் கோழித் தீவனத்தில் கலக்கிற சரக்காகவே விற்றுக்கொண்டிருந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைத் தயாரிப்பதையும் விற்பதையும் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது.

நோயே இல்லாத கோழிக்கு எதற்கு மருந்து என்று கேட்கலாம். 1940களின் கடைசியில் அமெரிக்காவில், குளோர்டெட்ராசைக்ளின் தயாரிக்கும்போது மிஞ்சிய கழிவைத் தின்ற குஞ்சுகள் வேகமாக எடை கூடுவதைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து தீவனத்தில் துளி மருந்து என்பது உலக வழக்கமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் எடை கூட்டுவதற்கான இந்தப் பழக்கத்தை 2006 ஜனவரி முதல் முழுமையாக நிறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2017இல், நலமாக இருக்கும் விலங்குகளுக்கு எடைக்காகவும் வழக்கமான நோய்த்தடுப்புக்காகவும் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டாம் என்றது. போகிற போக்கில் ஒன்று: பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்ற பயம் நம் ஊரில் இன்னும் ஓயவில்லை. அந்த வேகமான வளர்ச்சி இனப்பெருக்கத் தேர்விலும் தீவனத்திலும் வந்தது, ஊசியில் இல்லை. ஹார்மோனுக்குப் பயந்து மருந்தைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

மருந்துக்கு மசியாத கிருமி சூட்டுக்கும் மசியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாதாரண சால்மோனெல்லா, ஈ.கோலை எந்தச் சூட்டில் சாகுமோ, இதுவும் அதே சூட்டில் சாகும். துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். கொடைக்கானல் டவுன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் கறி மெதுவாக வேகிறதே தவிர, கிருமி தப்பிக்க அந்த வித்தியாசம் போதாது. குக்கர் வைத்தால் அதுவும் இல்லை.

அப்படியானால் ஆபத்து யாருக்கு? நன்றாக வெந்த குழம்பைச் சாப்பிடுகிறவரைவிட, பச்சைக் கறியைத் தொடுகிறவருக்கு. வெட்டுகிற பாய், கழுவுகிற அக்கா, அதே கத்தியால் வெங்காயம் நறுக்குகிற பையன், அந்த வெங்காயத்தைப் பச்சையாகத் தின்கிற விருந்தினர். கிருமி குடலுக்குள் போய் மாதக்கணக்கில் சும்மா இருக்கலாம். என்றைக்கோ ஒருநாள் சிறுநீரில் எரிச்சல் என்று கல்ச்சர் டெஸ்ட் எடுத்தால், மருந்துப் பெயர்களுக்கு எதிரே வரிசையாக 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்று வரும், அதாவது அந்த மருந்துக்குக் கிருமி மசியாது. 'எஸ்', அதாவது வேலை செய்யும் என்று இருப்பது ஊசியாகப் போட வேண்டிய ஒன்றோ இரண்டோதான். அந்தக் கிருமி கோழியிலிருந்துதான் வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. மனிதர்கள் கண்டபடி மாத்திரை விழுங்குவதற்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் 2019இல் மட்டும் உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் நேரடியாக இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கோழிப் பண்ணையின் பங்கு எவ்வளவு என்று கணக்குத் தெரியும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை.

கறிக்கடை பிராய்லர்

விடியற்காலையில் வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ கூண்டு வண்டி ஏறி வரும். பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணைக் கோழி. குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் கம்பெனி கொடுக்கும். கொட்டகை, தண்ணீர், உழைப்பு விவசாயியுடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி கிடைக்கும். 35 முதல் 42 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டிய கோழி வண்டியேறிவிடும்.

இதில் மருந்தைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. நான் வாங்கும் கடை பாயிடம் கேட்டேன். "எனக்கென்ன சார் தெரியும், வண்டிக்காரர் இறக்கிட்டுப் போறாரு. உசுரோட இருக்கா, சளி இல்லாம இருக்கா, அதத்தான் நான் பாக்க முடியும்" என்றார். நேர்மையான பதில். வளர்த்த விவசாயிக்கே பல நேரம் முழுசாகத் தெரியாது. சூப்பர்வைசர் கொடுத்த பொட்டலத்தைத் தண்ணீர் டேங்கில் கலப்பார், அதற்குப் பெயர் 'டானிக்' அல்லது 'தண்ணி மருந்து'. உறையைத் திருப்பிப் படித்தால் என்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின், டைலோசின், நியோமைசின் என்று ஏதாவது இருக்கலாம். வெறும் வைட்டமினாகவும் இருக்கலாம். இதில் என்ரோஃப்ளாக்சசின் நாம் சாப்பிடும் சிப்ரோஃப்ளாக்சசினின் நெருங்கிய பங்காளி, உடம்புக்குள் போனால் ஒரு பங்கு சிப்ரோவாகவே மாறும். கோழிக்கு அதைக் கொடுப்பதை அமெரிக்கா 2005இல் தடை செய்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. கடைசியாக மருந்து கொடுத்த நாளுக்கும் அறுக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று மருந்து லேபிளில் அச்சிட வேண்டும். அப்படி நாள் குறிக்காத மருந்தாக இருந்தால் கறிக்குக் குறைந்தது 28 நாள், முட்டைக்கும் பாலுக்கும் 7 நாள் என்று 2012இலேயே மருந்து விதிகளில் சேர்த்துவிட்டார்கள். 2025 ஏப்ரல் முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தடைப் பட்டியலும் நீண்டிருக்கிறது. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது நாள் வாழ்கிற கோழிக்கு இருபதாம் நாள் சளி பிடித்து, அந்த 28 நாள் மருந்து ஒன்றைக் கொடுத்தால், காத்திருப்பு முடிவதற்குள் அதன் ஆயுசே முடிந்துவிடும். லேபிளில் ஐந்து நாள், ஏழு நாள் என்று போட்டிருந்தாலும் அந்த நாட்களில் ஒவ்வொரு கோழியும் தினம் 150 முதல் 200 கிராம் தீவனம் தின்னும். எடை கூடிப்போனால் கடைக்காரர் "சைஸ் பெருசு" என்று விலையைக் குறைப்பார். காத்திருக்கும் நாளுக்கான காசை விவசாயியும் கொடுக்க மாட்டார், கடையும் கொடுக்காது, கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவான கடையைத் தேடிப் போகும் நாமும் கொடுப்பதில்லை. என் பார்வையில் இந்த விவகாரத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது. மற்ற மூன்று வழிகளையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் எடை போட்டேன்.

கடையில் இன்னொரு சிக்கல், வெட்டும் இடம். அறுத்த கோழியைத் தலைகீழாகச் செருகும் புனல், இறகு பிடுங்கும் டிரம், முக்கியெடுக்கும் வாளி, நடுவில் குழி விழுந்த மரக்கட்டை, துடைக்கும் துணி. காலையில் முதல் கோழிக்கு எல்லாம் சுத்தம். பதினொரு மணிக்கு அந்த வாளித் தண்ணீரைப் பார்த்தால், ஒரு கோழியின் குடலில் இருந்தது எல்லாக் கோழிக்கும் போயிருக்கும் என்று புரியும். எச்சம் பண்ணையில் வருகிறது, கிருமியில் ஒரு பெரும்பங்கு இந்த வாளியிலும் கட்டையிலும் பரவுகிறது. அதனால் கடைக் கறி வாங்குகிறவர்கள் காலையில் முதல் ஆளாகப் போவதும், தோல் உரித்து முழுக்கோழியாகவே வாங்கி வந்து வீட்டில் துண்டு போடுவதும் நல்லது. துண்டு போட்ட கறியில் கட்டையில் பட்ட பரப்பு பல மடங்கு.

பாக்கெட் கறி

பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் முதலில் படிக்க வேண்டியது முன்பக்கத்தில் பச்சை எழுத்தில் இருப்பதை. "ஆன்டிபயாடிக் எச்சம் இல்லாதது" என்று இருந்தால், அறுக்கும் முன் போதிய நாள் காத்திருந்தார்கள், கறியில் மருந்து மிச்சமில்லை என்றுதான் பொருள். கோழிக்கு வாழ்நாளில் மருந்தே கொடுக்கவில்லை என்று பொருள் இல்லை. "ஆன்டிபயாடிக் கொடுக்காமல் வளர்த்தது" என்பது வேறு வாக்குறுதி, அதைப் போடும் பாக்கெட்டுகள் குறைவு, விலையும் அதிகம். முதல் வகை எச்சத்துக்குத் தீர்வு. மருந்துக்கு மசியாத கிருமி அந்தக் கோழியின் குடலில் ஏற்கெனவே உருவாகியிருந்தால், காத்திருந்த நாட்களில் அது ஒன்றும் கரைந்து போய்விடாது. விருந்தினர்கள் கேட்பது இரண்டாவதை, நாங்கள் காட்டும் பாக்கெட்டில் இருப்பது முதலாவது. இதைத் தெரிந்துகொண்டே "ஆமாம் சார்" என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் பாக்கெட்டுக்கு இரண்டு நல்ல மதிப்பெண் போடுவேன். காத்திருப்புச் செலவை விலையில் சேர்த்துவிட்டார்கள், நாமும் கொடுத்துவிடுகிறோம். வெட்டும் இடமும் வாளி, கட்டை வகையறா இல்லை.

இதன் பலவீனம் மலைப்பாதை. பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர், எல்லாம் வளைவு. குளிர்பெட்டி வண்டி ஒழுங்காக வந்தாலும், கடைசியில் வந்து உட்காரும் சின்னக் கடை ஃப்ரீசரில் கரண்ட் போய்ப் போய் வரும். உறைந்த பாக்கெட்டின் ஒரு மூலையில் சிவந்த நீர் தேங்கி, அதுவே பனிக்கட்டியாகக் கெட்டித்திருந்தால், அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது. எடுக்காதீர்கள். மலைக்குளிரே ஃப்ரிட்ஜ்தானே என்று கறியைத் திண்ணையில் வைக்கிற பழக்கம் இங்கே நிறைய வீடுகளில் உண்டு. ஃப்ரிட்ஜ் என்றால் 5 டிகிரிக்குக் கீழே. நம் ஊரில் பெரும்பாலான இரவுகள்கூட அதற்கு மேலேதான், பகல் கேட்கவே வேண்டாம்.

நாட்டுக்கோழி

பெயரைக் கேட்டாலே விருந்தினர் முகம் மலர்ந்துவிடும். அதற்காகவே இதில் ஜாக்கிரதை வேண்டும். நாட்டுக்கோழி என்று இன்று விற்பதில் பாதிக்கு மேல் பண்ணையில் அடைத்து வளர்த்த கலப்பினம் என்பது என் அனுமானம். எழுபது, எண்பது நாளில் கறிக்கு வந்துவிடும். கூட்டமாக அடைத்தால் அதற்கும் சளி வரும், இரத்தக் கழிச்சல் வரும், அதே பொட்டலம் அதே தண்ணீர் டேங்கில் விழும். நிஜமாகவே தோட்டத்தில் மேய்ந்து வளர்ந்தது ஐந்தாறு மாதம் ஆகாமல் எடை வராது. "எத்தனை மாசக் கோழி அண்ணே?" என்று கேட்டால் பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

மேய்கிற கோழி என்றாலும் மருந்தே படாதது என்று சொல்ல முடியாது. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு நடுவே கோழி வளர்க்கிற ஓர் அண்ணனிடம், சீக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மெடிக்கல்ல ஒரு மாத்திர வாங்கி, பொடிச்சு சோத்துல பெசஞ்சு வச்சிருவேன் தம்பி. மஞ்சக் கலர்ல இருக்குமே, அது." மனிதர்களுக்கான டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல். எந்தச் சீக்குக்கு? பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சலுக்கு. அது வைரஸ் நோய், எந்த ஆன்டிபயாடிக்கும் அதைத் தொடாது. கோழியும் பிழைக்கவில்லை, மாத்திரையும் வீண், நடுவில் குடல் பாக்டீரியாவுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்து முடிந்துவிட்டது.

இந்த நோய்க்குத் தடுப்பூசி இருக்கிறது. கால்நடைத் துறை பிப்ரவரி மாதத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமை இரண்டு வாரம் இலவசமாக நடத்துகிறது. ஊசி போட ஆள் இல்லாத இடங்களுக்குத் தீவனம் மாதிரி தின்ன வைக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. புறக்கடைக் கோழிக்கு ஆன்டிபயாடிக் தேவையைக் குறைக்கிற வழிகளில் இதைவிட மலிவானது எனக்குத் தெரியவில்லை.

நாட்டுக்கோழியின் மற்ற குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பிராய்லரைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. சனிக்கிழமை பத்துக் கிலோ வேண்டும் என்றால் கிடைக்காது. எலும்பு அதிகம், வடக்கத்தி விருந்தினர்கள் ஒதுக்கி வைப்பார்கள். வேக நேரம் பிடிக்கும் என்பதை மட்டும் குறையாகச் சொல்ல மாட்டேன், அவசரத்தில் அரைவேக்காடாக இறக்க இடமே இருக்காது.

ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. வளர்க்கிறவர் எதிரே நிற்கிறார். அவரோடு பேசலாம், பேரம் வைக்கலாம். காத்திருக்கும் நாளுக்கு நானே காசு கொடுக்கிறேன் என்று சொல்லலாம். மற்ற இரண்டு வழிகளிலும் அப்படிச் சொல்ல ஆளே கிடையாது.

சொந்தக் கூண்டு

மலைக்காற்று, சுத்தமான தண்ணீர், நாமே வளர்த்தால் மருந்தே வேண்டாம் என்பது கேட்க இனிமையாக இருக்கும். பொரித்த குஞ்சுக்கு முதல் வாரம் ஏறக்குறைய 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். கொடைக்கானலில் ராத்திரி பத்து டிகிரிக்கு இறங்குகிற மாதங்களில், கரண்ட் போனால் பல்பும் போச்சு, குஞ்சும் போச்சு. குளிருக்குப் பயந்து தார்ப்பாயை இறக்கி மூடினால் உள்ளே அம்மோனியா நெடி ஏறும், சளி பிடிக்கும். மழைக்காலத்தில் கூளம் காயவே காயாது. ஈரக் கூளம் என்றால் இரத்தக் கழிச்சல் என்று கோழி வளர்க்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆக, மேல்மலையில் கறிக்கோழி வளர்ப்பது மருந்தைக் குறைக்கிற வழியே இல்லை, கூட்டுகிற வழியாகக்கூட முடியலாம். இதோடு கீரி, மரநாய், காட்டுப்பூனை வேறு. முட்டைக்காக வளர்ந்த பெட்டைகள் நாலைந்து வாங்கி விடுவது வேறு கதை, அதை யாரும் செய்யலாம். கறிக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

கோழியை விட்டால்

ஆடுகள் மேய்ந்து வளர்கின்றன. குடற்புழு மருந்து அடிக்கடி உண்டு, ஆன்டிபயாடிக் என்றால் சீக்கான ஆட்டுக்கு மட்டும் ஊசி. கொட்டகை முழுக்கத் தண்ணீரில் கலக்கும் வேலை இல்லை. இந்த விஷயத்தில் ஆட்டுக்கறி கோழியைவிட மேல் என்றுதான் சொல்வேன். ஆனால் விலை பிராய்லரைப் போல மூன்று நான்கு மடங்கு. தினம் போட்டால் எங்கள் சாப்பாட்டு விலைக்குக் கட்டாது.

முயலை எங்கள் மலைக்காரர்கள் மறக்க முடியாது. மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளோடு ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களும் அங்கே உண்டு. குளிர் முயலுக்குப் பிடிக்கும், பன்னிரண்டு வாரத்தில் இரண்டு கிலோவை எட்டும். மருந்து விஷயத்தில் ஒரு வேடிக்கை: பென்சிலின் வகை மாத்திரையை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் கெட்டு அது செத்தே போகலாம். அதனால் கண்டதைக் கலந்து வைக்கும் தைரியம் யாருக்கும் வராது. வீட்டுச் சாப்பாட்டுக்கு நல்ல வழி. தங்குமிடத்துக்குச் சரிப்படாது. காலையில் தடவிக் கொடுத்த முயலை ராத்திரி தட்டில் பார்த்து ஒரு குழந்தை அழுதால், அந்தக் குடும்பம் மறுபடி நம் பக்கம் வராது.

எங்கள் முடிவு

தாண்டிக்குடி அண்ணனோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மேல்மலை அளவுக்கு அங்கே குளிர் இல்லை, குஞ்சு காப்பாற்றுவது எளிது. குஞ்சிலேயே தடுப்பூசி போட்டாக வேண்டும். சீக்கு வந்தால் மெடிக்கல் ஷாப் மாத்திரை கிடையாது, கால்நடை மருந்தகத்தில் காட்ட வேண்டும். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் தாராளமாகக் கொடுக்கலாம். "மருந்தே கொடுக்காதே" என்று நான் கேட்கவில்லை. சீக்கான கோழியை வைத்தியம் பார்க்காமல் விடுவது பாவம், அப்படிக் கேட்டால் கொடுத்துவிட்டு மறைப்பார்கள். கொடுத்தால் காலில் ஒரு சிவப்பு நூல் கட்டி எனக்குச் சொல்ல வேண்டும், லேபிளில் என்ன போட்டிருந்தாலும் 28 நாள் கழித்துத்தான் அறுக்க வேண்டும். அந்த 28 நாள் தீவனக் காசு என்னுடையது. முதலில் அவர் நம்பவில்லை. "நெசமாவா தம்பி? காத்திருக்கறதுக்குக் காசா?" என்று இரண்டு தடவை கேட்டார். கணக்குப் பார்த்தால், மந்தையில் சில கோழிக்குத்தான் இது வரும், மொத்தக் கறி விலையில் அது பெரிய தொகை இல்லை.

இந்தக் கோழி வாரத்தில் இரண்டு நாள் மட்டும், முன்கூட்டிச் சொன்னவர்களுக்கு. மற்ற நாட்களில் கோழிக்குழம்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். முட்டை, ஞாயிறு ஆட்டுக்கறி, மீதி பூம்பாறைப் பூண்டுக் குழம்பும் பீன்ஸ் பொரியலும். புகார் வரும் என்று பயந்தோம், பெரிதாக வரவில்லை. கூட்டமான நாட்களில் கேட்டே தீருவேன் என்கிற குழுவுக்குப் பழைய கடை பாயிடமிருந்து காலை முதல் வெட்டில் முழுக்கோழி. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உள்ளதைச் சொல்கிறோம். ஈரல் வறுவல் எங்கள் கோழியில் மட்டும்தான் செய்கிறோம், கடைக் கோழியின் ஈரலைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதில்லை.

வீட்டுக்கு வாரம் அரைக் கிலோ வாங்குகிறவருக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டியதில்லை. அவருக்கு நான் சொல்வது: கடைக் கறியையே வாங்குங்கள், சீக்கிரம் போங்கள், முழுசாக வாங்குங்கள். குழாயடியில் வைத்துக் கோழியைக் கழுவாதீர்கள், தெறிக்கிற தண்ணீர் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லிக் கட்டில்தான் போய் விழும். கழுவாமல் சமைக்க மனசு ஒப்பாது என்றால் ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மெதுவாக அலசி, பாத்திரத்தையும் தொட்டியையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை. பாக்கெட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதானால் அதன் சுத்தத்துக்காகக் கொடுங்கள்.

சைவக்காரர்கள் இதுவரை படித்துவிட்டு நிம்மதியாக இருந்தால், இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சமவெளிக் கோழிப் பண்ணைகளின் எரு லாரி லாரியாக மலைக் காய்கறித் தோட்டங்களுக்கு ஏறி வருகிறது. கோழி தின்ற மருந்தில் ஒரு பங்கும், குடலில் வளர்ந்த கிருமியும் அதில்தான் இருக்கும். நன்றாக மக்க வைத்த எருவில் சூடேறி அதில் பெரும்பகுதி போய்விடும், பச்சையாக இறைத்தால் மண்ணுக்குப் போகும். கேரட் சாலட்டுக்கு எந்தத் தோட்டத்திலிருந்து எடுக்கிறோம், அங்கே எருவைக் குவித்து மக்க வைக்கிறார்களா என்பதையும் இந்த வருடம் கேட்க ஆரம்பித்திருக்கிறோம். மக்க வைக்காத தோட்டத்துக் கேரட் பொரியலுக்கு மட்டும் போகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் தாண்டிக்குடி வண்டியும் வராது, கீழேயிருந்து கூண்டு வண்டியும் வராது. அந்த மாதங்களுக்காக நல்ல ஃப்ரீசர் உள்ள கடையில் பாக்கெட் கறி கொஞ்சம் சொல்லி வைத்திருக்கிறோம்.